கோட்டைக்குள் வெறுங்கால்

பிரெஞ்சு அரசர்களின் கட்டில்கள் குட்டையானவை. நான்கு மூலையிலும் தூண், மேலே விதானம், சுற்றிலும் பட்டுத் திரை, முன்னால் கிட்ட வராதே என்று ஒரு சிவப்புக் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் உலகத்து ஜனமெல்லாம் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். சுவரோரம் ஒரு சின்ன அட்டை இருக்கிறது. அந்தக் காலத்துக் கட்டில் எப்படி இருந்திருக்கும் என்று காட்ட இதை வேறெங்கிருந்தோ வாங்கி வந்து வைத்திருக்கிறோம், அரசர் இதில் படுத்ததில்லை என்று அதில் மிகுந்த மரியாதையோடு எழுதியிருக்கிறார்கள். அட்டையை யாரும் படிப்பதில்லை. கட்டிலைப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே அரசர் உட்காராத நாற்காலி இருக்கும்.

நான் அட்டைகளைப் படித்தேன். எனக்கு அது தொழில் பழக்கம்.

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் பாதையோரம் இருக்கும் ஸ்பைஸ் கார்டன்களில் ஒன்றில் நான் வேலை செய்கிறேன். பெயர்தான் தோட்டம். கறுவா, மிளகு, ஏலம், சாதிக்காய், வனிலா என்று ஒவ்வொன்றிலும் காட்டுவதற்கு ஒன்றிரண்டு. சுற்றுலா வான் வந்து நின்று, இறங்குபவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்று தெரிந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் தொடங்கி, கண்டியில் வகுப்புக்குப் போய், விடாப்பிடியாக நான் படித்த பாஷை அது. இலையைக் கசக்கி அவர்கள் மூக்கருகே நீட்டி, "என்னவென்று சொல்லுங்கள் பார்ப்போம்" என்பேன். சொல்லத் தெரியாது. தெரியாதபோதுதான் அவர்களுக்குச் சந்தோஷம். பிறகு கண்டி ராஜாவின் வைத்தியர் இந்த இலையை வைத்து என்ன செய்தார் என்று சொல்வேன். அவர் என்ன செய்தார் என்று எனக்கும் தெரியாது. இதற்கிடையில் எங்கள் ஆள் ஒருவர் யாராவது ஒரு கணவரின் கெண்டைக்காலில் முடி நீக்கும் களிம்பைப் பூசிவிடுவார். சற்று நேரம் கழித்துத் துடைத்தால் அந்த இடம் மட்டும் உரித்த முட்டை போல வரும். மனைவிமார் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நடைபாதை வளைந்து வளைந்து போய்க் கடைசியில் கடைக்குள் முடியும். கடையைத் தாண்டாமல் வானுக்குத் திரும்ப வழி கிடையாது. அப்படித்தான் வேலி போட்டிருக்கிறோம்.

ஆகவே, வாழ்க்கையில் நான் பார்த்த முதலாவது பிரெஞ்சுக் கோட்டையின் பாதை, எல்லா அறைகளையும் சுற்றிக்கொண்டு வந்து சவர்க்காரமும் தேயிலை டின்னும் விற்கும் கடைக்குள் போய் முடிந்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. என்னைப் போல் ஒருத்திதான் இங்கேயும் வேலி போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னை அங்கே கூப்பிட்டது என் அக்கா. கலியாணம் முடித்து பிரான்சுக்குப் போய் வருஷக்கணக்காகிவிட்டது. பாரிஸ் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் ஆட்களை பஸ்ஸில் ஏற்றி லுவார் ஆற்றங்கரைக் கோட்டைகளைக் காட்டும் ஒரு முதலாளியிடம் வேலை. வேலை என்றால், நிலத்துக்குக் கீழே இருக்கும் ஒரு சமையலறையில் நின்று பயணிகளுக்கு மதியச் சோற்றுப் பார்சல் கட்டுவது. நான் போய் இறங்கிய வாரம் முதலாளியிடம் இருந்த வழிகாட்டி கனடாவுக்குப் போய்விட்டார். அக்கா போய்க் கேட்டிருக்கிறாள், அந்த வேலையைத் தானே செய்து பார்க்கட்டுமா என்று. முதலாளி நெடுநேரம் யோசித்துவிட்டு, "இந்த ஞாயிறு கொண்டு போய்ப் பாருங்கோ. சனம் சந்தோசமா வந்தால் மைக் உங்களுக்கு. இல்லாட்டி பார்சலோட நில்லுங்கோ, திரும்பவும் வந்து கேக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். அதோடு விடவில்லை. "உங்கட தமிழ் மைக்கில எடுபடுமோ எண்டுதான் எனக்கு யோசினை" என்றும் சொல்லியிருக்கிறார்.

அக்கா இதைச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னா அவரு, தமிழுக்கு ஒட்டுமொத்தக் குத்தகைக்காரரா? ஒன் தமிழுக்கு என்னவாம்?"

"விடுடி. அவங்க யாழ்ப்பாணத்து ஆளுங்களுக்கு நம்ம பேச்சு ஒரு மாதிரிதான் இருக்கும்."

"ஒரு மாதிரின்னா?"

"தேயிலைத் தோட்டத்துப் பேச்சாம்."

"நாம டவுன்ல பொறந்தவங்க."

"தோட்டம்னா மட்டும் என்னாடி கேவலம்? நீ கூட அவரு மாதிரியே பேசுற" என்று அக்கா என் வாயை அடைத்துவிட்டாள். அவள் சொன்னது சரி.

முதலாளி தன் கையாலேயே எழுதிய விளக்கம் ஒன்றைக் கொடுத்திருந்தார். மைக்கில் வாசிப்பதற்கு. "மாட்சிமை தங்கிய மன்னர்பிரான் மாண்புறு எழிலோடு எழுப்பிய இம்மாளிகையானது" என்று தொடங்கி, மூச்சு விட இடமில்லாமல் போயிற்று. அக்கா அதில் வரும் ராஜா ராணிகளின் கதையை எல்லாம் போனில் தேடிப் படித்துவிட்டு, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று அதைப் பாடமாக்கினாள். நான் கதவுக்கு வெளியே நின்று சிரித்தேன்.

"சிரிக்காதடி" என்றாள் உள்ளே இருந்து. "ஒனக்கு வாய் இருக்கு, பாஷ இருக்கு, எங்க போனாலும் பொழைச்சுக்குவ. நான் அந்தக் குசினியில வெங்காயம் வெட்டி வெட்டி என் கையப் பாரு. எனக்கு இது ஒண்ணுதான். இது போச்சுன்னா திரும்பக் கேக்க முடியாது."

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளில் ஒலிபெருக்கி அறிவிப்பு எப்போதும் அவளுடையதுதான். மைதானத்துக்கு வெளியே கடைத்தெருவில் நிற்பவர்கள்கூட, யார் குரல் என்று தெரிந்து நின்று கேட்பார்கள். அந்தக் குரலைத்தான் அவள் வெங்காயத்தோடு கீழே வைத்திருந்தாள். அதன் பிறகு நான் சிரிக்கவில்லை. முதலாளியின் தமிழை மட்டும் மனதுக்குள் காறித் துப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் நிறைய ஆட்கள். லண்டனிலிருந்து வந்தவர்கள், ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள், பாரிஸ்காரர்களின் விருந்தாளிகள். அநேகமாக எல்லாரும் யாழ்ப்பாணத்துப் பக்கம். முன் இருக்கையில் முதலாளி, பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவர் போல. அவருக்குப் பின்னால் லண்டன்காரர் ஒருவரும் மனைவியும். அடுத்த பக்கம் காஞ்சிபுரம் பட்டுச் சேலைக்குக் கீழே வெள்ளை ஓட்டச் சப்பாத்து போட்ட ஓர் அம்மா. கோட்டைக்குப் போகிறோமே, அரசரே வந்து வரவேற்றால் என்ன செய்வது என்று பட்டுக் கட்டியிருப்பார் போல. நான் கடைசி வரிசையில்.

அக்கா மைக்கை எடுத்து வணக்கம் சொன்னதுதான் தாமதம், பட்டுச் சேலை அம்மா கேட்டார். "பிள்ளை எந்த ஊர்?"

"மாத்தளைங்க."

"ஓ, மலைநாடோ. அதுதான் பார்த்தன், கதை இந்தியாக்காரர் மாதிரிக் கிடக்கு."

லண்டன்காரர், "படங்களில வாற தமிழ்" என்றார். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். முதலாளி திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினார். நான் சொன்னேன் பார்த்தாயா என்று அர்த்தம்.

அக்கா தாளை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். மாட்சிமை தங்கிய மன்னர்பிரான் நெடுஞ்சாலையில் எங்களோடு வந்தார். பாரிஸ் எல்லை தாண்டுவதற்குள் பஸ்ஸில் குறட்டை. பின்னால் இருந்து ஓர் இளைஞர், "அக்கா, ஏதும் படம் இருந்தால் போடுங்கோவன்" என்றார். அவள் குரல் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் எந்த வரியோடு நின்றது என்பது அவளுக்கே தெரிந்திருக்காது.

காலையில் பார்த்த கோட்டையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? கூரை முழுக்கப் புகைபோக்கிகள். ஓர் அரசன் வேட்டைக்கு வந்தால் தங்குவதற்குக் கட்டியது. கட்டி முடித்துவிட்டு, வாழ்நாளில் சில வாரங்கள்தான் வந்து இருந்தானாம். அவ்வளவு கல்லையும் அவ்வளவு ஆட்களையும் போட்டு, மான் சுடப் போகிறவனுக்கு ஒரு வாடி வீடு. ஏறுபவரும் இறங்குபவரும் சந்திக்காதபடி பின்னிப் பின்னிப் போகும் படிக்கட்டுக்கு முன்னால் இரத்தோட்டை பஸ்ஸுக்கு நிற்பது போல் கூட்டம். ஏறினேன், இறங்கினேன், யாரையும் சந்திக்கவில்லை. அதற்குத்தான் கட்டியது என்கிறார்கள். சுவரெல்லாம் மான் தலைகள். எங்கள் மாவட்டத்தில் ஒரு ராஜா, நட்டநடுக் காட்டில் நிற்கும் கல்லின் மேலே ஏறி அரண்மனை கட்டிக்கொண்டான். அவனுக்கும் கொழுப்புத்தான். ஆனால் அவனுக்கு உயிர்ப்பயம் இருந்தது. இவனுக்கு மான் மட்டும்தான்.

கீழே குசினியில் செம்புச் சட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மேசையில் ஒரு கிண்ணத்தில் கறுவா. 'அரச சமையலின் கீழைத்தேய வாசனைகள்' என்று அட்டை. நான் குனிந்து பார்த்தேன். தடித்த, கரடுமுரடான பட்டை. எங்கள் ஊர்க் கறுவா சுருட்டுப் போல் தாள் தாளாகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கலாம். இதை நொறுக்கச் சுத்தியல் வேண்டும். எங்கள் கடையில் இதை வைத்தால் முதலாவது வான்காரனே கேட்பான். அரசரின் கட்டிலும் பொய், கறுவாவும் பொய். இவ்வளவு பொய்யை இவ்வளவு நிதானமாக, நல்ல வெளிச்சத்தில் வைத்துச் சொல்வதற்குத் தனித் திறமை வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

உள்ளே அக்கா பேச முடியாது. அதற்குரிய அட்டை வைத்திருக்கும் வழிகாட்டிகள் மட்டும்தான் அறைகளுக்குள் விளக்கம் சொல்லலாம். மற்றவர்கள் வெளியே, பஸ்ஸில், முற்றத்தில் சொல்லிக்கொள்ளலாம். அதனால் அவள் கையில் இருந்தது அந்தத் தாளும் பஸ்ஸும்தான். பஸ்ஸில் தோற்றாயிற்று.

மதியம் வாகனத் தரிப்பிடத்துப் புல்லில் உட்கார்ந்து எல்லாரும் பார்சலைப் பிரித்தார்கள். அக்கா முதல் நாளே கட்டியது. கத்தரிக்காய் பிரட்டலும் பருப்பும் பொரித்த மிளகாயும். பட்டுச் சேலை அம்மா ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்தார்.

"ஐயோ, நல்லாக் கிடக்கு. ஆர் சமைச்சது?"

"நான்தாங்க" என்றாள் அக்கா.

"பிறகென்ன பிள்ளை, நீங்கள் சமையலையே செய்யலாமே. இப்பிடிக் கை எல்லாருக்கும் வராது."

நல்ல மனதோடுதான் சொன்னார். முதலாளி சோற்றை மென்றுகொண்டு தலையை ஆட்டினார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தன் பார்சலைப் பிரிக்கவே இல்லை.

பின்னேரம் அடுத்த கோட்டை. ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போலக் கட்டியது. தண்ணீரில் அதன் நிழல் விழும், அதை எல்லாரும் படம் எடுப்பார்கள், அந்தப் படம் ஏற்கெனவே கடையில் பிஸ்கட் டின்னின் மேல் இருக்கும். முதலாளி வாசலோடு நின்றுவிட்டார். "நான் உது எத்தினை தரம் பார்த்திட்டன்" என்று கோப்பிக் கடைப் பக்கம் போனார். உள்ளே ஒருநாளும் போயிருக்க மாட்டார் என்பது என் எண்ணம். அந்தத் தாளை எழுதியவர் கோட்டையைப் பார்த்தவர் போலத் தெரியவில்லை.

நான் அட்டைகளைப் படித்துக்கொண்டு பின்தங்கிவிட்டேன். படித்து முடித்துத் தோட்டத்துப் பக்கம் இறங்கினால், ஓரமாகத் தனியே நிற்கும் சிறிய வழிபாட்டு மண்டபத்தின் வாசலில் செருப்புகள். சோடி சோடியாக, ஓரம் பார்த்து, முனை வெளியே பார்க்க அடுக்கி வைத்த செருப்புகள், சப்பாத்துகள், நடுவில் அந்த வெள்ளை ஓட்டச் சப்பாத்து. அச்சு அசலாகத் தம்புள்ளைக் குகைக் கோயில் வாசல். என் காலும் யாரையும் கேட்காமல் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போயிற்று.

உள்ளே மாதா சிலை ஒன்று. எங்கள் பஸ் முழுவதும் வெறுங்காலோடு கைகட்டி நின்றது. சிலர் கும்பிட்டார்கள். மற்ற நாட்டுக்காரர்கள் சப்பாத்தோடு நுழைந்து, இவர்களின் காலைப் பார்த்து, ஏதோ சடங்கு நடக்கிறது என்று பயந்து சுவரோரமாக நழுவினார்கள்.

நடந்தது இதுதான். வாசலில் பட்டுச் சேலை அம்மா, "பிள்ளை, மாதா இருக்கிறா. சப்பாத்தோட போகலாமோ?" என்று கேட்டிருக்கிறார். அக்காவின் தாளில் அதற்குப் பதில் இல்லை. எங்கள் ஊரில் கோயில், பள்ளி, பௌத்த பன்சலை எதுவானாலும், சந்தேகம் வந்தால் கழற்றிவிடுவதுதான் வழக்கம். கழற்றியதற்காக யாரையும் யாரும் ஏசியதில்லை. "கழட்டிட்டே போங்கம்மா" என்று சொல்லிவிட்டாள். அன்று காலையிலிருந்து அந்த பஸ் அவள் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

வெளியே வந்தால் வாசல் வெறுமை.

பிரான்சில் ஒரு பையைத் தனியாக வைத்துவிட்டு நகர்ந்தாலே பொலிஸ் வந்து நிற்கும். ஒரு வழிபாட்டிடத்தின் வாசலில், சொந்தக்காரர்கள் இல்லாமல், ஒழுங்காக வரிசை கட்டி நிற்கும் சோடிச் சப்பாத்துகளைப் பார்த்துக் காவலாளிகள் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கையுறை போட்டுக்கொண்டு, பெரிய பிளாஸ்டிக் பைகளில் அள்ளிக் கட்டி, வாசல் பக்கத்து அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஓர் இளம் காவலாளி மட்டும் எங்களுக்காக நின்றிருந்தான்.

"இவை உங்களுடையவையா?" என்று கேட்டான், எங்கள் கால்களைப் பார்த்துவிட்டு. அறிவாளி.

அக்கா அவனோடு பேசினாள். அறைச் சாவி பொறுப்பதிகாரியிடமாம். அவர் சாப்பிடப் போயிருக்கிறாராம். வந்ததும் ஒவ்வொருவராக அடையாளம் சொல்லி எடுத்துக்கொள்ளலாமாம். எப்போது வருவார் என்றதற்குத் தோளைக் குலுக்கினான். அந்தத் தோள் குலுக்கலுக்கு அகராதியில் அர்த்தம் கிடையாது. வில்கமுவ பஸ் எப்போது வரும் என்று எங்கள் பஸ் நிலையத்தில் கேட்டால் கிடைக்குமே, அதே பதில்.

பாதை முழுக்கக் கூரான சரளைக் கல். தம்புள்ளையில் வெயிலில் காய்ந்த பாறையில் பிரெஞ்சுக்காரர்கள் வெறுங்காலோடு துள்ளுவதை எத்தனையோ தரம் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். இப்போது பிரெஞ்சுக்காரர்கள் பாதையோரம் நின்று பார்க்க, நாங்கள் துள்ளினோம். லண்டன்காரர் ஒற்றைக்காலில் நின்று, "என்ர சப்பாத்தின்ர விலை தெரியுமோ பிள்ளை உங்களுக்கு? ஆரைக் கேட்டுக் கழட்டச் சொன்னனீங்கள்?" என்று கத்தினார். "முதலாளி எங்க? கூப்பிடுங்கோ ஆளை!"

அக்கா எல்லாரையும் கைகாட்டி, மிதிக்கக் கூடாது என்று பலகை வைத்திருந்த புல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார்கள். காவலாளி வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டான். அவள் கண் கலங்கியிருந்தது. அவள் கையில் அந்தத் தாள் நான்காக மடிந்து, எட்டாக மடிந்து, சின்னதாகிப் போயிருந்தது. பார்சல்தான் இனி, என்று நான் முடிவு செய்துவிட்டேன். எங்கே போய் முதலாளியைக் கடித்துக் குதறலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பட்டுச் சேலை அம்மா உள்ளங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார். "அது கிடக்கட்டும் பிள்ளை. காலமை அந்தப் பேப்பரில வாசிச்சனீங்கள், அரசி ஆரையோ அப்புறப்படுத்தினா எண்டு. ஆரை?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "அதுவாங்க? ராசா வச்சிருந்தவளத்தான்."

"ஆ?"

"ஆமாங்க. இந்த வீட்ட ராசா பொண்டாட்டிக்குக் குடுக்கல. வச்சிருந்தவளுக்குக் குடுத்துட்டாரு."

கால் தடவுவது நின்றது. அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"வயசுக்காறியோ?" என்றார் லண்டன்காரரின் மனைவி.

"ராசாவுக்கு அம்மா வயசு இருக்கும்."

"கடவுளே!"

"ஆனா அழகின்னா அழகியாம். விடியக் காலையில பச்சத் தண்ணியில குளிப்பாளாம். பொண்டாட்டிக்காரி எத்தன வருஷம் பாத்துக்கிட்டே இருந்தாங்க தெரியுங்களா? ஒரு வார்த்த பேசல. ஒரே வீட்டு விசேஷத்துல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து சாப்பிடுவாங்களாம். அப்பறம் ஒரு நாளு ராசா குதுரையில ஏறிக் கம்பு வெளையாட்டு வெளையாடப் போனாரு. எதுத்தாளு கம்பு ஒடஞ்சி கண்ணுல ஏறிருச்சு."

"செத்திட்டாரோ?"

"ஒடனே இல்லீங்க, சில நாள் கெடந்து. அந்த ஆளு கெடக்கையில வச்சிருந்தவள வாசல்படி ஏற விடலீங்க ராணி. செத்த வீட்டுச் சோறு ஆறல, ஆள் அனுப்பிட்டாங்க. நகையக் குடு, வீட்டுச் சாவியக் குடுன்னு."

"நல்ல வேலை" என்றார் பட்டுச் சேலை அம்மா. சொந்தத் தங்கச்சிக்கு நடந்தது போல் அவருக்கு முகம் சிவந்திருந்தது.

"சும்மா தொரத்திட்டா ஊரு ஏசும்னு வேற ஒரு பழைய கோட்டையக் குடுத்து இத மாத்தி எடுத்தாங்க. வெவரமான பொம்பள. எடுத்து என்னா செஞ்சாங்க தெரியுங்களா? அந்தா பாலத்துக்கு மேல நீளமாத் தெரியுது பாருங்க. பாலத்தக் கட்டினது அவ. அதுக்கு மேல ஹோல் கட்டி டான்ஸ் பார்ட்டி வச்சது இவங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காலையிலிருந்து முதல் தடவையாக ஒரு கோட்டையைப் பார்த்தார்கள். யாரும் படம் எடுக்கவில்லை.

லண்டன்காரர், "இந்தக் கதையை என்ர மனுசிக்குச் சொல்லிப் போடாதேங்கோ" என்றார்.

"நான் இஞ்சதான் இருக்கிறன்" என்றார் மனைவி. "சாவி எங்க எண்டும் எனக்குத் தெரியும்."

புல் முழுக்கச் சிரிப்பு. அதற்குப் பிறகு அவளை விடவில்லை. ராசாவுக்குக் குளியலறை எங்கே, இவ்வளவு வேலைக்காரருக்கும் ஆர் சமைச்சது, அந்தக் காலத்தில் குளிருக்கு என்ன செய்தார்கள். அக்கா புல்லில் நின்று கொண்டு, மைக் இல்லாமல், விளையாட்டு மைதானத்துக் குரலில் சொன்னாள். தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததை, "அது தெரியாதுங்க, ஆனா நாத்தம் அடிச்சிருக்கும்" என்றாள். காலையில் அவள் தமிழைக் கேட்டுச் சிரித்த அதே வாய்கள் இப்போது, "சொல்லுங்கோ, சொல்லுங்கோ" என்றன. முடிவில் கை தட்டினார்கள். வெட்கமில்லாத ஜனம். எனக்கு அவர்களைக் காலையில் பிடிக்கவில்லை. கை தட்டியபோது இன்னும் பிடிக்கவில்லை. ஓர் ஆளின் பேச்சு மனிதப் பேச்சு என்று ஒத்துக்கொள்ள ஒரு கள்ளக்காதல் கதை தேவைப்படுகிறது இவர்களுக்கு.

பொறுப்பதிகாரி வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். பைகளை மேசையில் கொட்டி, ஒவ்வொரு சப்பாத்தாகக் கையுறை விரலால் தூக்கிக் காட்டினார்கள். லண்டன்காரரின் விலையுயர்ந்த சப்பாத்து ஒரு ரப்பர் செருப்புக்குள் சொருகிக் கிடந்தது. அரசர் படுக்காத கட்டிலுக்குக் கயிறு கட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு சோடிச் சப்பாத்தைச் சேர்த்து வைக்கத் தெரியவில்லை.

பஸ்ஸடியில் முதலாளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சப்பாத்துப் பைகள் போனதைக் கோப்பிக் கடையிலிருந்து பார்த்திருக்கிறார். முகம் கறுத்திருந்தது. அக்கா மடித்த தாளை அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்குவதற்குள் லண்டன்காரர் இடையில் புகுந்துவிட்டார்.

"தம்பி, எத்தினை ட்ரிப் போயிருக்கிறன். இப்பிடி ஒரு நாளும் சிரிக்கேல்ல. ஆள் விளாசித் தள்ளிட்டா!"

"சப்பாத்து…" என்றார் முதலாளி.

"அதுதான் விசயமே!"

பட்டுச் சேலை அம்மா தன் பங்குக்கு, "அடுத்த கிழமை என்ர மச்சாள் ஆக்களும் வருகினம். இந்தப் பிள்ளை வந்தால் மட்டும் வருவினம்" என்றார். சமையலையே செய்யச் சொன்ன அதே வாய்.

முதலாளியின் முகம் நிறம் மாறுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எங்கள் தோட்டத்து முதலாளிக்கும் இதே முகம்தான். விலைபோகாமல் கிடந்த தைலத்தை யாரோ ஒரு வெள்ளைக்காரி முகர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் வரும் முகம். "நான் அப்பவே சொன்னனான்தானே, பிள்ளைக்குத் திறமை இருக்கெண்டு" என்றார். தாளை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தச் சப்பாத்து விசயத்தையும் விட்டிடாதேங்கோ. ஒவ்வொரு முறையும் செய்யலாம். காவல்காரரோட நான் கதைக்கிறன்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். சிரிக்காதே என்று அர்த்தம். நான் பஸ்ஸுக்குள் ஏறிப் போய்க் கடைசி இருக்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் மைக் அவள் கையிலேயே இருந்தது.

நான் ஊருக்கு வந்து ஸ்பைஸ் கார்டனில் மறுபடியும் இலை கசக்கத் தொடங்கிவிட்டேன். பிரெஞ்சுக்காரர்கள் வருகிறார்கள், எங்கள் கோட்டைகளைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்கிறார்கள். பார்த்திருக்கிறேன் என்றால், "அற்புதம், இல்லையா?" என்கிறார்கள். அற்புதம் என்று சொல்லிக் கடைப் பக்கம் நடத்திப் போகிறேன்.

போன வாரம் மழைநேரம், வான் ஒன்றும் வராமல் உட்கார்ந்திருந்தபோது அக்காவிடமிருந்து படம் ஒன்று வந்தது. அந்த மண்டப வாசலில் புதிதாக ஒரு பலகை. பிரெஞ்சிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. தமிழில் மட்டும், அச்சடித்து, கண்ணாடி போட்டு: 'தயவுசெய்து பாதணிகளைக் கழற்ற வேண்டாம்.' கோட்டை முழுக்க வேறெங்கும் தமிழ் கிடையாது. அரசனைப் பற்றி ஒரு வரி இல்லை, அரசியைப் பற்றி இல்லை, கறுவா எந்த ஊரிலிருந்து போயிற்று என்று இல்லை. எங்களிடம் அவர்கள் சொல்ல நினைத்தது அவ்வளவுதான்.

பலகைக்குக் கீழே அக்காவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்றது, பல்லெல்லாம் தெரிய. எல்லாரும் வெறுங்காலோடு. சப்பாத்துகளைக் கையில் பிடித்திருந்தார்கள்.

படத்தோடு அவள் குரலும் வந்திருந்தது. பின்னால் பஸ் இரைச்சல், மைக்கின் கீச்சென்ற சத்தம்.

"பாத்தியாடி? எனக்காகப் போர்டு போட்டுருக்கானுங்க. நல்லாப் படிச்சிப் பாத்துச் சொல்லு, எழுத்தெல்லாம் சரியா இருக்கான்னு. நானே எழுதிக் குடுத்தது."